நாலாம் கல்லுப் பறவை

இந்தக் கதையில் செத்துப்போன ஒரு அம்மாள் வருகிறாள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயந்த சுபாவம் உள்ளவர்கள் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவள் யாரையும் ஒன்றும் செய்ய மாட்டாள். சாப்பிடத்தான் கூப்பிடுவாள். நாம் பயப்பட வேண்டிய ஆட்கள் வேறு. அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், பச்சைத் தொப்பி போட்டிருக்கிறார்கள்.

ஒரு நகரத்தின் ஓரத்தில் கொஞ்சம் மரங்கள் இருந்தன. காடு என்றால் அதிகம், தோப்பு என்றால் குறைச்சல். அதற்குள் ஒரு நடைபாதை. வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் போய்த் திரும்பிவிடலாம், அவ்வளவுதான் நீளம். அதற்கு இயற்கை நடைபாதை என்று பெயர் வைத்து, நகராட்சியும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும் கூட்டாகப் பார்த்துக்கொண்டன. பார்த்துக்கொண்டன என்றால் ஒன்றும் செய்யாமல் இருந்தன என்று அர்த்தம். அதுவரை மரங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

ஒரு நாள் இரண்டு தரப்பும் கைகுலுக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டு, பாதையை விரிவாக்குவது என்று முடிவு செய்தன.

"இவ்வளவு பேர் இயற்கையை நேசிக்கிறாங்க. அவங்க வந்து நிக்க இடம் வேண்டாமா?" என்று கேட்டார் சங்கத் தலைவர். கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள்.

நிற்க இடம் எங்கே இருந்தது? மரங்கள் நின்ற இடத்தில்தான் இருந்தது. ஆகவே மரங்களை எடுத்தார்கள். மனசாட்சி உள்ளவர்கள் ஆனதால், எடுத்த ஒவ்வொரு மரத்துக்கும் அது நின்ற இடத்திலேயே ஒரு பலகை வைத்தார்கள். மரத்தின் பெயர், எவ்வளவு உயரம் வளரும், எப்படிப்பட்ட குளிர்ந்த நிழல் தரும் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. ஜனங்கள் வெயிலில் நின்று, கையால் கண்ணை மறைத்துக்கொண்டு அதைப் படித்தார்கள்.

திறப்பு விழாவுக்கு நகராட்சி ஆணையர் அம்மா வந்தார். ரிப்பனை வெட்டிவிட்டு, மேலே பார்த்தார், சுற்றிலும் பார்த்தார்.

"பறவைங்க எல்லாம் எங்க?"

"வரும் மேடம். புது இடம் இல்லையா, பழகணும்" என்றார் தலைவர்.

பறவைகள் பழகவில்லை. வெகுநாள் காத்திருந்து பார்த்துவிட்டு, சங்கம் தன் அலமாரியைத் திறந்தது. பாதை சின்னதாக இருந்த காலத்தில் சங்கத்து உறுப்பினர்கள் விடியலிலும் மாலையிலும் போய்ப் பதிவு செய்துவைத்த சத்தங்கள் அதில் பத்திரமாக இருந்தன. பாதையோரம் சிமெண்டில் பாறை மாதிரிக் கற்கள் செய்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஒலிபெருக்கியை வைத்து, மாலைதோறும் அந்தச் சத்தங்களைப் போட ஆரம்பித்தார்கள்.

"பறவை ஒருநாள் பறந்து போயிடும், பறவையோட குரல் போகாது. அதனால குரலைப் பாதுகாக்கிறதுதான் உசத்தியான பாதுகாப்பு" என்று தலைவர் பேசினார். அதற்கும் கைதட்டினார்கள்.

இனி நம்ம ஆளிடம் வருவோம்.

பாதை முடிகிற இடத்தில், வேலிக்கு இந்தப் பக்கம், சாணைக்காரரின் வீடு. முன்னால் தெரு, பின்னால் தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் மோட்டார் பூட்டிய சாணைக்கல். தையல்காரர்களின் கத்தரிக்கோல், முடிவெட்டுகிறவர்களின் கத்தி, கறிக்கடைக் கத்தி, நகராட்சித் தோட்டக்காரர்களின் கிளைவெட்டி எல்லாம் அங்கேதான் கூர் தீட்ட வரும். அந்த மரங்களை எடுத்த கோடாரிகளும் அங்கேதான் வந்தன. நன்றாகவே தீட்டிக் கொடுத்தார். எதை வெட்ட என்று அவர் கேட்கிற வழக்கமில்லை; கேட்டிருந்தாலும் சாணைச் சத்தத்தில் பதில் காதில் விழுந்திருக்காது.

அந்தச் சத்தத்தால்தான் அவர் மனைவி ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். பின்வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் அவருக்குக் கேட்காது. ஆகவே இரண்டு உள்ளங்கைகளையும் கூடு மாதிரிக் குவித்து, கட்டைவிரல் இடுக்கில் வாயை வைத்து ஊதுவாள். மெதுவாக மேலே ஏறி, உச்சியில் ஒரு நடுக்கம் நடுங்கி, சட்டென்று கீழே விழும் ஒரு கூவல். கல்லின் கிறீச்சலைத் துளைத்துக்கொண்டு அது அவர் காதுக்குப் போகும். சாணை நிற்கும். நிற்காவிட்டால் இரண்டாம் தடவை கூவுவாள். அதற்கும் நிற்காவிட்டால் நேரே வந்து சுவிட்சை அணைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்விடுவாள். அப்படிப்பட்ட நாட்களில் சாப்பாட்டில் உப்பு கொஞ்சம் முன்பின்னாக இருக்கும்.

அவர்களுக்கு ஒரே மகள். அவளும் சின்ன வயதில் கையைக் குவித்துக் குவித்து ஊதிப் பார்த்திருக்கிறாள். காற்றுதான் வரும்.

"உனக்கு என் கை வாய்க்கலடி. உங்கப்பன் கைதான்" என்பாள் அம்மா.

போன மழைக்காலத்துக்கு முந்திய மழைக்காலத்தில் அந்த அம்மாள் போய்விட்டாள். அதற்குப் பிறகு சாணை எப்போது நிற்பது என்று ஒரு கணக்கு இல்லாமல் போயிற்று. மகள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தாள். மாலையில் வந்து சமைத்து, தட்டைப் போட்டு மூடிவைத்து, கூப்பிட்டுப் பார்த்து, அலுத்துப்போய், தான் சாப்பிட்டுவிடுவாள். அவர் இருட்டின பிறகு வந்து, ஆறிப்போனதைத் தின்றுவிட்டுப் படுப்பார். இரண்டு பேருக்கும் இடையில் சண்டை ஒன்றும் இல்லை. பேச்சும் இல்லை.

சிமெண்ட் கற்கள் பேச ஆரம்பித்த வாரத்தில், ஒரு மாலை. சோற்றை வடித்துவிட்டு நிமிர்ந்த மகளுக்குச் சாணை நின்றது கேட்டது. குழாயடியில் தண்ணீர் விழுந்தது. அப்பா உள்ளே வந்து, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, தட்டின் முன்னால் உட்கார்ந்தார்.

"என்னப்பா, இன்னைக்குச் சீக்கிரம்?"

"கூப்பிட்டாங்கல்ல?"

"யாரு கூப்பிட்டா?"

"உங்கம்மா" என்றார், சாதாரணமாக. சொன்ன பிறகுதான் அவருக்கே விளங்கிற்று. தட்டைப் பார்த்தபடி அப்படியே இருந்தார்.

 மறுநாள் மகள் ஆஸ்பத்திரியில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்து, பின்வாசலில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவை ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டுமோ என்று மனசுக்குள் யோசனை. வெயில் மஞ்சளாகித் தரையோடு தரையாகப் படுத்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து அது வந்தது. ஏறி, நடுங்கி, விழுந்தது. கொட்டகையில் சாணை நின்றது.

மகளின் கை தன்னால் வாயைப் பொத்திக்கொண்டது. டாக்டர் யோசனை போய்விட்டது.

இரண்டு பேரும் வேலியைச் சுற்றிக்கொண்டு பாதைக்குள் போனார்கள். அங்கே காவலுக்கு இருந்த ஆள் முன்பு சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்தவர். பழைய பழக்கத்தில் பகலிலும் கையில் டார்ச் வைத்திருப்பார்.

"அந்தச் சத்தமா? அது நாலாம் கல்லு" என்றார். "முதல் கல்லு மரங்கொத்தி, ரெண்டு குயிலு, மூணு என்னமோ வாயில நுழையாத பேரு. நாலாவதுதான் கூட்டம் சேர்க்குது. ஒரு தடவைதான் கூவும். கேட்டுட்டுச் சில பேரு அழுவுறாங்க. நான் இருந்த கொட்டகையில அழுகைப் படத்துக்குக்கூட இவ்வளவு இல்லை."

"அது என்ன பறவைண்ணே?" என்று கேட்டாள் மகள்.

காவலாளி டார்ச்சைப் பலகையில் அடித்துக் காட்டினார். வெளிச்சம் அதற்குத் தேவையாக இல்லை. பலகையில் எழுதியிருந்தது: 'அடையாளம் காணப்படாத அரிய பறவை. பின்னணியில் கேட்கும் கிறீச்சொலி ஒரு பூச்சியினுடையது. பறவையின் குரல் கேட்டதும் பூச்சி பயந்து அடங்கிவிடுவதைக் கவனிக்கவும். பறவை அப்பூச்சியைத் தின்று வாழ்வதாகக் கருதப்படுகிறது.'

சாணைக்காரர் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"பூச்சி நானா?"

"பயந்து அடங்கும்னு சரியாத்தான்பா எழுதியிருக்காங்க" என்றாள் மகள். சிரித்தாள். அம்மா போன பிறகு அந்த வீட்டு ஆட்கள் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்து முடிக்கும்முன் இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் நின்றது.

பாருங்கள், அவர்கள் வீட்டில் அந்த அம்மாளின் போட்டோ நாலைந்து இருந்தது. புடவை இருந்தது. சீப்பில் சிக்கிய முடிகூட இருந்தது. குரல் மட்டும் இல்லாமல் இருந்தது. அது ஒரு சிமெண்ட் கல்லுக்குள் இருக்கிறது என்று தெரிந்தால் யாருக்குத்தான் மனசு கேட்கும்?

மகள் தன் போனில் அதைப் பிடித்துப் பார்த்தாள். கல்லுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பிடித்தாள். வீட்டில் திருப்பிப் போட்டால் காற்று இருந்தது, தூரத்து பஸ் இருந்தது, காவலாளியின் இருமல்கூட இருந்தது. கூவல் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்பப் பிடித்தாள். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். போன் கடைக்காரரைக் கேட்டதற்கு அவருக்கும் தெரியவில்லை.

ஆகவே அப்பாவும் மகளும் சங்கத்து அலுவலகத்துக்குப் போனார்கள். மாடியில் ஒரு அறை. சுவரெல்லாம் காட்டுப் படங்கள். ஜன்னலெல்லாம் மூடியிருந்தது, திறந்தால் தூசி வரும். தலைவர் அறைக்குள்ளேயும் பச்சைத் தொப்பியைப் போட்டிருந்தார்.

"ஐயா, நாலாம் கல்லுல கேக்குற குரலை எங்களுக்கு ஒரு பிரதி போட்டுத் தரணும்" என்றார் சாணைக்காரர்.

"எதுக்கு?"

"வீட்டுல வெச்சுக்க."

தலைவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "பறவைக் குரலை வீட்டுக்குக் கொண்டுபோறதும் பறவையைக் கூண்டுல அடைக்கிறதும் ஒண்ணுதான். எங்க சங்கம் அதைக் கடுமையா எதிர்க்குது."

"கல்லுக்குள்ள அடைச்சிருக்கீங்களே" என்றாள் மகள்.

"அது இயற்கைச் சூழல்மா."

சாணைக்காரர் கையைக் குவித்து எப்படி ஊதுவாள் என்று காட்டி, விஷயத்தைச் சொன்னார். அது பறவை இல்லை, தன் வீட்டுக்காரி என்றார்.  தலைவர் தொப்பியைக் கழற்றி, உள்பக்கம் பார்த்துவிட்டு, திரும்பப் போட்டுக்கொண்டார்.

"இது பெரிய விஷயம். நான் தனியா முடிவு பண்ண முடியாது. கல்லு நகராட்சியோடது. சத்தம் எங்களோடது. நடுவுல இருக்கிற காத்து ரெண்டு பேருக்கும் பொது. கூட்டுக் குழுவைக் கூட்டணும்."

கூட்டுக் குழு நகராட்சியின் பெரிய அறையில் கூடிற்று. நீள மேஜையின் ஒரு பக்கம் ஆணையர் அம்மாவும் அவருடைய ஆட்களும். எதிர்ப்பக்கம் தலைவரும் பச்சைத் தொப்பிகளும். மேஜையின் கடைசியில், கதவுக்குப் பக்கத்தில், அப்பாவும் மகளும். கூட்டம் தொடங்குமுன் இயற்கைக்காகக் கொஞ்ச நேரம் மௌனம் காப்பது வழக்கம். எல்லோரும் எழுந்து கண்ணை மூடினார்கள். அப்போது ஜன்னல் விளிம்பில் ஒரு புறா வந்து உட்கார்ந்து குனுகிற்று. கடைநிலை ஊழியர் ஒருவர் போய் அதை விரட்டிவிட்டு வந்தார். மௌனத்தை முதலில் இருந்து மறுபடி ஆரம்பித்தார்கள்.

ஆணையர் அம்மா கெட்டவர் இல்லை. வேலை நிறைய உள்ளவர். நேராக விஷயத்துக்கு வந்தார்.

"பெரியவரே, ஒப்பந்தம் என்ன சொல்லுதுன்னா, நடைபாதையில மனுஷக் குரல் எதையும் ஒலிபரப்பக் கூடாது. அது ஒலி மாசு. நீங்க சொல்ற மாதிரி அது உங்க மனைவியா இருந்தா, இன்னைக்கே கல்லுலேருந்தும் எடுத்துடுவோம், மூலப் பதிவையும் அழிச்சிடுவோம். ஆனா பறவைன்னா, இந்த நகரம் இருக்கிற வரைக்கும் அந்தக் குரல் இருக்கும். நாங்களே காப்பாத்துவோம். இப்ப நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அது யாரு?"

அந்த மனுஷர் உண்மையைச் சொல்லத்தான் வந்திருந்தார். சட்டைகூடப் புதுசாகப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மகள் மேஜைக்கு அடியில் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பறவைங்க" என்றார்.

எதிர்ப்பக்கம் பச்சைத் தொப்பிகள் எல்லாம் மூச்சு விட்டன. தலைவர் பேனாவைத் திறந்தார். "கண்ணால பார்த்திருக்கீங்களா?"

"பார்த்திருக்கேன்."

"நிறம்?"

"மாநிறம்" என்றார். மகள் கிள்ளினாள். "பழுப்புங்க."

"உடம்பு?"

"ஆரம்பத்துல கொஞ்சம் பூசினாப்ல இருந்துச்சு. கடைசியில ரொம்ப இளைச்சுப்போச்சு."

"என்ன சாப்பிடும்?"

"மத்தவங்க சாப்பிட்டது போக மிச்சம் இருந்தா சாப்பிடும்."

"இடம் பெயருமா?"

"ஒரே ஒரு தடவை கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போச்சு. சாயங்காலமே திரும்பி வந்துடுச்சு."

'குறுகிய தூர வலசை' என்று தலைவர் எழுதிக்கொண்டார். "ஜோடி?"

"ஒண்ணுதான். அதுக்குக் காது மந்தம்."

"குஞ்சு?"

சாணைக்காரர் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். மகள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தாள்.

"ஒண்ணு" என்றார்.

"அருமை! அருமை!" என்று தலைவர் எழுந்தே நின்றுவிட்டார். "இவ்வளவு விவரமான நேரடிச் சாட்சியம் எங்க சங்கத்துக்கு இதுவரைக்கும் கிடைச்சதில்லை!"

அதோடு முடிந்திருந்தால் நானும் இங்கேயே நிறுத்திவிட்டு உங்களைத் தூங்க அனுப்பியிருப்பேன். இரண்டு நிறுவனங்கள் கைகுலுக்கிய இடத்தில் எது அப்படி முடிகிறது?

பறவைக்கு ஆணையர் அம்மாவின் மாமியார் பெயரை வைத்தார்கள். பாதை முகப்பில் அதற்கு ஒரு சிலை வைத்தார்கள். யாரும் பார்த்ததில்லை என்பதால் சிற்பி கொண்டையையும் பெரிய அலகையும் தாராளமாகவே வைத்திருந்தார். மாலையானால் ஜனங்கள் தொலைநோக்கியோடு வந்து, சிமெண்ட் கல்லுக்குப் பின்னால் இருந்த புதரையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கூவல் முடிந்ததும், "போயிடுச்சு, போயிடுச்சு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். சில பேர் பார்த்தேவிட்டார்கள்.

சாணைக்காரருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாக இல்லை. மாலையில் கூவல் வரும், சாணை நிற்கும், கை கழுவிக்கொண்டு வருவார். சூடாகச் சாப்பிட்டார். மகளும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் பல்லைப் பிடுங்க வந்து நாற்காலியைப் பிடுங்கப் பார்த்த ஆளைப் பற்றிச் சொன்னாள். அவர் சிரித்தார். மூன்றாவது ஆள் ஒருத்தி அடுப்படியில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பது போலவே இரண்டு பேரும் நடந்துகொண்டார்கள். கடைசிக் கரண்டியைச் சட்டியிலேயே மிச்சம் வைத்தார்கள்.

பிறகு ஒரு நாள் ஆணையரும் தலைவரும் ஆட்களோடு வீட்டுக்கே வந்தார்கள். பறவை அரியது, ஆகவே பறவையின் வாழிடத்தைப் பாதுகாக்க வேண்டும், அலசிப் பார்த்ததில், கூவல் பதிவான இடம் சரியாக இந்த வீட்டின் பின்வாசல் என்றார்கள்.

"அதனால பாதையை இது வரைக்கும் விரிவாக்குறோம். வாழிடத்துக்குள்ள மனுஷங்க குடியிருக்கக் கூடாது" என்றார் ஆணையர். "நகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அடுக்குமாடியில இடம் தர்றோம்."

"கொட்டகையை மட்டும் தொடக் கூடாது மேடம்" என்று தலைவர் குறுக்கே வந்தார். "பூச்சி அங்கதான் இருக்கு. தினமும் நம்ம ஆளுங்க கேட்டிருக்காங்க. பூச்சி போனா பறவைக்கு இரை இல்லை."

"அப்ப பூச்சி இருக்கட்டும், மனுஷங்க போகட்டும்."

மகளுக்குப் பொறுமை போய்விட்டது. "எங்கப்பாதாங்க அந்தப் பூச்சி!" என்று கத்தினாள்.

 சாணைக்காரர் சங்கடத்தோடு சுவிட்சைப் போட்டு, ஒரு கத்தியைக் கல்லில் வைத்துக் காட்டி, அணைத்தார். பச்சைத் தொப்பிகள் ஒன்றையொன்று பார்த்தன. வேறு யாராவது இருந்தால் அந்த இடத்தில் வெட்கப்பட்டிருப்பார்கள். தலைவர் நெற்றியைத் தடவி யோசித்தார். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்துவிட்டது.

"பறவை இவரை இரையாத்தான் பார்க்குது. பறவையோட கருத்துதான் நமக்கு முக்கியம். பூச்சிங்கிற முறையில இவர் இங்க இருக்கலாம்."

ஆணையரும் ஒப்புக்கொண்டார். நிபந்தனைகள் சொன்னார்கள்: மாலையில் பார்வையாளர் வரும் நேரம் தவறாமல் கிறீச்சிட வேண்டும், பறவை கூவியதும் அடங்க வேண்டும், கண்ணில் படக் கூடாது, பேசக் கூடாது, பின்பக்கம் விளக்கு போடக் கூடாது.

"சரிங்க" என்றார் சாணைக்காரர். எல்லாவற்றுக்கும் சரி என்றார்.

"இந்தப் பொண்ணு?" என்று ஆணையர் மகளைக் காட்டிக் கேட்டார்.

"அது குஞ்சுங்க" என்றார் அவசரமாக. "அன்னைக்கே சொன்னேனே. ஒரு குஞ்சு."

தலைவர் மகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அன்பாகத்தான் சொன்னார்: "வளர்ந்த குஞ்சு கூட்டை விட்டுப் போயிடும் பெரியவரே. அதுதான் இயற்கை. நாம அதுல தலையிடக் கூடாது. இந்த மாசக் கடைசிக்குள்ள போகட்டும்."

அவர்கள் போன பிறகு மகள் அடுப்படியில் நின்று பாத்திரம் தேய்த்தாள். தேய்த்ததையே தேய்த்தாள்.

"நான் போயிடுறேன்பா. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல கூட வேலை செய்ற பொண்ணு ரூம் இருக்கு. அம்மா குரல் உனக்கு வேணும். ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கிறேன்."

"பார்வையாளர் வாசல் வழியாவா வருவ?"

 வெளியே வெயில் மஞ்சளாகித் தரையில் படுத்தது. அது கூவிற்று. ஏறி, நுனியில் நடுங்கி, விழுந்தது. சாணைக்காரர் எழுந்து, பழக்கத்தில் குழாயடிக்குப் போய், கையைத் தண்ணீரில் நீட்டியபடி நின்றார். சாப்பிட வரச் சொல்லித்தான் அவள் கூப்பிடுகிறாள். யாரோடு உட்கார்ந்து சாப்பிட என்று அவருக்குத் திடீரென்று தோன்றிற்று. காலமெல்லாம் அவள் கூப்பிட்டது மூன்று தட்டுக்கு.

மறுநாள் அவர் தனியாகவே நகராட்சிக்குப் போனார். பழைய சட்டைதான்.

"அம்மா, அது பறவை இல்லைங்க. என் பொண்டாட்டி. அழிச்சிடுங்க. என் மக வீட்டுல இருக்கட்டும்."

ஆணையர் தலைவரைக் கூப்பிட்டனுப்பினார். தலைவர் வந்து, கேட்டு, நாற்காலியில் சாய்ந்துவிட்டார். சிலை வைத்தாயிற்று. மாமியார் பெயர் வைத்தாயிற்று. வெளியூர் சங்கங்களில் இருந்து பாராட்டு வந்தாயிற்று. மாமியார் இன்னும் நல்ல திடமாக இருந்தார் என்பதையும் ஆணையர் நினைத்துப் பார்த்தார்.

"பறவை இல்லைன்னு எப்படி மேடம் சொல்றது?" என்று தலைவர் முனகினார். பிறகு மெதுவாக நிமிர்ந்தார். "அப்படிச் சொல்ல முடியாது. ஆனா, இனிமே இல்லைன்னு சொல்லலாம்."

அப்படித்தான் அந்தப் பறவையினம் அழிந்தது. அழிந்துபோன பறவைக்கு வாழிடம் தேவையில்லை என்பதால், வீட்டை விட்டுவிட்டார்கள்.

மூலப் பதிவை அழிப்பதற்கு முன் ஒரு கடைசி மாலை, கடைசிக் குரல் என்று ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். பச்சைத் தொப்பிகள் கறுப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு வந்தன. நாலாம் கல்லுக்கு மாலை போட்டிருந்தார்கள். தலைவர் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"நாம என்ன பாவம் செஞ்சோம்? எல்லாமே செஞ்சோமே! சிலை வெச்சோம். பலகை வெச்சோம். பாதையை அகலமாக்கினோம். இவ்வளவு செஞ்சும் ஒரு பறவை நம்மளை விட்டுப் போகுதுன்னா, அதுக்குப் பொதுமக்களோட அலட்சியம்தான் காரணம்."

பொதுமக்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வேலிக்கு இந்தப் பக்கம் சாணைக்காரர் கொட்டகைக்குள் போனார். தீட்ட ஒன்றும் இல்லை. ஏற்கெனவே கூராக இருந்த ஒரு கத்தியை எடுத்து, சுவிட்சைப் போட்டு, கல்லில் வைத்தார். மகள் பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அது கூவிற்று.

சாணை நிற்கவில்லை.

"பூச்சி தப்பிச்சிடுச்சு" என்று கூட்டத்தில் யாரோ கிசுகிசுத்தார்கள்.

அவர் தலையைத் தூக்காமல் கத்தியை அழுத்திக்கொண்டே இருந்தார். நின்றுவிட்டால் ஒரு கூவலோடு முடிந்துவிடும். நிற்காவிட்டால் இரண்டாம் தடவை கூவுவாள், அதுதானே வழக்கம். தீப்பொறி பறந்தது. கத்தி தேய்ந்துகொண்டே வந்தது. கல்லுக்குள் இருந்தது ஒரு தடவைக்கான குரல்தான் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் காத்திருந்தார்.

கூட்டம் கலைந்தது. காவலாளி டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நாலாம் கல்லைத் திறந்து, உள்ளே இருந்த பெட்டியைக் கழற்றி, ஒயரைச் சுற்றிக்கொண்டு, வேலிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. சாணை கத்திக்கொண்டே இருந்தது.

மகள் நிலையை விட்டுக் கையை எடுத்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் கூடு மாதிரிக் குவித்தாள். கட்டைவிரல் இடுக்கில் வாயை வைத்து, அடிவயிற்றில் இருந்து ஊதினாள்.

காற்றுதான் வந்தது.

பக்கத்தில் நின்றிருந்தாலும் அது கேட்டிருக்காது, கண்ணுகளா. அந்தச் சத்தத்தில், அந்த மந்தக் காதுக்கு, கேட்க வழியே இல்லை.

சாணை நின்றது.

குழாயடியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.